அடுத்து என்ன படிக்கலாம்? நூலகரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் அநேகமாக எல்லாருமே கேட்பது ஒன்றுதான்: "அடுத்து எதை எடுக்கலாம்?" அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்கள் இவை. கதைப் புத்தகங்கள் மட்டும். துறையின் பரிந்துரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், முழுக்க என் சொந்த ருசி.

'கட்டாயம் படிக்க வேண்டிய நூறு' வகைப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கடைசியாக எந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை என்று நீங்கள் சொன்னால்தான் அடுத்ததை நான் எடுத்துத் தர முடியும். அதனால் இங்கே உள்ள கேள்விகளில் பாதி 'இதைப் படித்தேன், இனி என்ன?' என்ற மாதிரிதான் இருக்கும்.

பாடப் புத்தகத்தைத் தாண்டி எதுவும் படித்ததில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

ஒரே உட்காரலில் முடிகிற ஒன்றில். கு. அழகிரிசாமியின் சிறுகதைத் தொகுப்பு கிடைத்தால் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைத் தேடிப் படியுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் ஓர் ஏழை வீட்டு வாசலுக்கு வந்து சேரும் அநாதைப் பையன், அவனைச் சேர்த்துக்கொள்ளும் அந்த வீட்டு அம்மா, 'எங்கள் வீட்டில் என்ன இருக்கு தெரியுமா' என்று போட்டி போடும் குழந்தைகள். கதை அவ்வளவுதான். ஒரு சொல்லுக்குக்கூட அகராதி வேண்டியிருக்காது. அடுத்து அவருடைய 'அன்பளிப்பு'. புத்தகத்துக்காக ஏங்கும் குழந்தைகளின் கதை என்பதால் எனக்கு அதன் மேல் கொஞ்சம் பாரபட்சம் உண்டு.

நாவல்தான் வேண்டும் என்றால் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் குழாய் வறண்ட காலம், சினிமாவில் மேலே வர முடியாமல் போன ஜமுனா, அவள் தங்கை சாயா, அக்கம்பக்கத்து டீச்சரம்மா. ஒல்லியான புத்தகம். குடத்தோடு அலைந்து பழகியவர்களுக்கு முதல் சில பக்கங்களிலேயே ஒட்டிக்கொள்ளும்.

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முடித்துவிட்டேன். அது மாதிரி வேறு என்ன இருக்கிறது?

2022-இல் படம் வந்ததிலிருந்து இந்தக் கேள்விக்குத்தான் முதலிடம். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: அதில் உங்களுக்கு எது பிடித்தது?

வந்தியத்தேவனின் ஓட்டமும் சாகசமும் என்றால் சாண்டில்யனிடம் போங்கள். 'யவன ராணி', 'கடல் புறா' இரண்டிலும் கப்பலும் கத்திச் சண்டையும் தாராளம். வர்ணனையும் தாராளம்தான். கதாநாயகியை அங்கம் அங்கமாக வர்ணிக்கத் தொடங்கும் இடங்களில் நான் நாலு பக்கம் தள்ளிவிடுவேன், கதைக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இந்தக் காலத்து நடையில் சாகசம் வேண்டும் என்றால் சு. வெங்கடேசனின் 'வீரயுக நாயகன் வேள்பாரி'. பறம்பு மலை, பாரி, மூவேந்தர் முற்றுகை. விகடனில் தொடராக வந்தது என்பது அத்தியாயம் முடியும் இடங்களிலேயே தெரியும்.

ராஜராஜன் மேல்தான் மோகம் என்றால் பாலகுமாரனின் 'உடையார்'. ஆறு பாகங்கள். பெரிய கோயில் எழும்புவதுதான் கதை. சிற்பிகள், தேவரடியார்கள், கல் இழுக்கும் ஆட்கள் எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. ஆசிரியர் அவ்வப்போது உபதேசம் செய்வார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரண்மனைச் சதியும், யார் யாரைக் காட்டிக்கொடுப்பார் என்ற பதைப்பும் பிடித்ததா? அப்படியானால் என் தேர்வு பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்'. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாக வைத்து எழுதியது. மாமன்னர் யாரும் மையத்தில் இல்லை. வரி கட்ட முடியாத குடியானவர், கோயில் தாசி, கணக்குப்பிள்ளை, கவர்னர் வீட்டம்மா என்று ஊரே நடமாடும். இதன் தொடர்ச்சியான 'வானம் வசப்படும்' நாவலுக்குத்தான் சாகித்திய அகாதெமி விருது, 1995-இல். வரலாற்று நாவல் என்றால் ராஜா ராணி என்று நினைப்பவர்களிடம் இதைத் தள்ளிவிடுவதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

இன்னும் பொறுமை இருக்கிறது என்றால் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. மதுரையின் பல நூற்றாண்டுகள், களவும் காவலும் தொழிலாகக் கொண்ட ஓர் ஊர். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிற கனமில்லை, வீட்டில் வைத்துப் படியுங்கள்.

'இதெல்லாம் உண்மையில் நடந்ததா?' என்று கேட்பவர்களைக் கதை அலமாரியிலிருந்து வரலாற்று அலமாரிக்கு அழைத்துப் போய்விடுவேன். தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு' அங்கேதான் இருக்கிறது. அதைப் புரட்டினால் கல்கி எந்த இடத்தில் வரலாற்றைப் பிடித்தார், எங்கே கற்பனையை விட்டார் என்று உங்களுக்கே தெரியும்.

அதே 'பொன்னியின் செல்வன்' எனக்கு இரண்டாம் பாகத்திலேயே நின்றுவிட்டது. என்ன செய்வது?

திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1950 முதல் 1954 வரை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பதற்காகத் தொடராக எழுதியது அது. மொத்தமாக உட்கார்ந்து படித்தால் சிலருக்குத் திகட்டத்தான் செய்யும். கல்கியைப் பிடித்துத்தான் இருக்கிறது, நீளம்தான் சிக்கல் என்றால் 'பார்த்திபன் கனவு' எடுங்கள். நீளமாகவே படிக்க ஆசை என்றால் 'சிவகாமியின் சபதம்'. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சுஜாதாவின் கணேஷ்-வசந்த் கதைகள் எல்லாம் முடிந்தது. துப்பறியும் கதையில் இனி என்ன?

முதலில், எல்லாம் முடிந்ததா என்று சரிபாருங்கள். 'கொலையுதிர் காலம்' படித்தவர்கள் நிறைய. 'நைலான் கயிறு' படித்தவர்கள் குறைவு. அதில் கணேஷ் மட்டும்தான், வசந்த் பிறகுதான் வந்து சேருகிறான். அப்புறம் கணேஷ், வசந்த் இரண்டு பேரும் இல்லாத 'கரையெல்லாம் செண்பகப்பூ'. நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமத்துக்கு வந்து பழைய ஜமீன் வீட்டில் தங்குகிறான் கல்யாணராமன். மர்மம் ஒரு பக்கம், நாட்டுப்பாடல்கள் ஒரு பக்கம். சுஜாதாவில் எனக்கு மிகவும் பிடித்த மர்மக் கதை இதுதான்.

அதற்கப்புறம் பின்னால் போகலாம், முன்னாலும் போகலாம்.

பின்னால் போனால் தேவனின் 'துப்பறியும் சாம்பு'. வேலை போன ஒரு பாங்கு குமாஸ்தா, துளியும் மூளை இல்லாதவர், தற்செயலாக எதையாவது செய்து தொலைத்துக் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். ஊரே அவரை மேதை என்று கொண்டாடும். அதற்கும் முந்தியவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார். அவருடைய 'கும்பகோணம் வக்கீல்' இன்று படிக்க நடை முள்ளாகத் தோன்றலாம். அந்தக் காலத்தில் மக்கள் எதைப் படிக்கச் சாப்பாட்டை மறந்தார்கள் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும்.

எண்பதுகளில் பஸ் நிலையக் கடையில் வாங்கிய மாத நாவலோடு வளர்ந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி என்று அவர்களே எனக்குப் பாடம் எடுப்பார்கள். இவற்றை 'குப்பை' என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. தமிழ்நாட்டில் நாளிதழைத் தாண்டிப் படிக்கும் பழக்கம் ஏகப்பட்ட பேருக்கு இந்தப் பழுப்புத் தாளில்தான் வந்தது.

முன்னால் போனால் அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு'. அம்பையா, துப்பறியும் கதையா என்று ஆச்சரியப்படுவீர்கள். மும்பையில் துப்பறியும் தொழில் செய்யும் சுதா குப்தா என்ற பெண்தான் நாயகி. கொலையைவிட வீட்டுக்குள் மறைக்கப்படும் காயங்கள்தான் அவள் கண்ணில் படும். சமையலறையில் டீ கொதிக்கும்போதே வழக்கும் நகரும். இன்னொன்று இரா. முருகவேளின் 'மிளிர் கல்': கண்ணகி நடந்த வழியைத் தேடிப் போகும் பயணம், கொங்குப் பகுதியின் ரத்தினக் கல் வியாபாரத்தில் போய் முட்டுகிறது.

நிஜமாகவே பயப்பட வைக்கும் பேய்க்கதை உண்டா?

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. பகலில் படியுங்கள். வீட்டுவேலைக்கு என்று வந்து சேரும் ஒருத்தி, ராத்திரியில் மாறி மாறி வரும் வாசனையும் பிண வாடையும், நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் தவிக்கும் ஓர் எழுத்தாளர். கடைசிவரை எதையும் தெளிவாக விளக்க மாட்டார். அதுதான் பயமே.

நீளமாக வேண்டுமென்றால் இந்திரா சௌந்தர்ராஜன். 'விடாது கருப்பு' தொலைக்காட்சியில் பார்த்து நடுங்கியவர்கள் இன்றும் வந்து கேட்கிறார்கள். சித்தர், குலதெய்வம், பூட்டிய கோயில் என்று நம் ஊர்ப் பயங்களைக் கொண்டே கட்டியவை அவை. இறக்குமதிப் பேய்களைவிட எனக்கு இவற்றின் மேல் மரியாதை அதிகம்.

ரமணிசந்திரன் படிக்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். 'நல்ல' காதல் கதை எது?

நீங்கள் படிப்பதும் நல்லதுதான். எங்கள் நூலகத்தில் அட்டை பிய்ந்து மறுபடி மறுபடி பைண்டிங்குக்குப் போகும் புத்தகங்களில் அவருடையவை முன்வரிசை. கேலி செய்யும் வீட்டு ஆண்களில் சிலர் அதே புத்தகத்தைப் பேப்பருக்குள் வைத்துப் படிப்பதும் எனக்குத் தெரியும்.

அதிலிருந்து ஓர் அடி நகர ஆசை என்றால் லக்ஷ்மி. டாக்டராக இருந்தவர், தென்னாப்பிரிக்காவில் பல வருடம் வாழ்ந்தவர். குடும்பக் கதைதான். ஆனால் அவர் கதைகளில் வரும் பெண்களுக்குப் படிப்பும் வேலையும் முதுகெலும்பும் உண்டு. 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்த தலைமுறை ஒன்று உண்டு. அந்த லட்சியக் காதல் இன்று கொஞ்சம் தூக்கலாகத் தெரியலாம். உங்கள் அம்மாவிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

இன்னும் ஓர் அடி வைத்தால் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. 1964-இல் வந்தது. குமரிப் பக்கத்துப் பனங்காட்டுக் கிராமம். பழைய பெருமை மட்டும் மிச்சமிருக்கும் வீட்டில் வளரும் லிஸிக்கும் பனையேறி மகன் தங்கராஜுக்கும் இடையில் காதல் என்று சொல்லிக்கொள்ளவே அத்தனை தயக்கம். அவர்கள் பேசிக்கொள்வது மிகக் கொஞ்சம். ஆனால் இவ்வளவு காதல் உள்ள புத்தகம் அலமாரியில் அதிகமில்லை. யார் எடுத்தாலும் ஏமாந்ததாக எனக்கு நினைவில்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' அதன் பக்கத்திலேயே வைக்க வேண்டிய புத்தகம். மணப்பாட்டில் வல்லம் என்ற நாட்டுப் படகுகளும் லாஞ்சு என்ற விசைப்படகுகளும் மோதும் காலத்தில் பிலோமியின் காதல் கைகூடாமல் போகும். படிப்பவருக்கு யார் மேலும் கோபம் வராது, அதுதான் ஆச்சரியம்.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கும்பகோணம், சங்கீதம், தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவின் மேல் பாபுவுக்கு உள்ள பித்து. காதலுக்காக எடுத்தவர்கள் பலர் ரங்கண்ணாவின் சங்கீதத்தில் மாட்டிக்கொண்டு திரும்புவார்கள். அவசரமாகப் படிக்கிற புத்தகமல்ல. கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெருமாள்முருகனின் 'பூக்குழி'யும் காதல் கதைதான். ஆனால் மனசு தெம்பாக இருக்கும்போது எடுங்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டி வந்த பெண்ணை ஊர் என்ன செய்யும் என்பதுதான் கதை. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது.

தமிழில் அறிவியல் புனைகதை என்றால் சுஜாதா மட்டும்தானா?

அவரிலிருந்துதான் தொடங்க வேண்டும். 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. ஜீவாவின் சர்வாதிகார ஆட்சி, நிலா என்ற பெண், பேசும் யோசிக்கும் இயந்திர நாய் ஜீனோ. எண்பதுகளில் எழுதும்போது எதிர்காலமாக இருந்த வருடங்களை நாம் தாண்டியே வந்துவிட்டோம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்க்கவே கல்லூரிப் பிள்ளைகள் எடுக்கிறார்கள்.

அதற்கப்புறம் அலமாரி கொஞ்சம் காலிதான், மறைக்க ஒன்றுமில்லை. ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு இருக்கிறது. நம் ஊர்த் தத்துவமும் மருத்துவமும் கலந்த அறிவியல் கதைகள் அதில். சுதாகர் கஸ்தூரியின் '6174' இருக்கிறது. கணிதப் புதிர், லெமூரியா, உலகம் சுற்றும் துரத்தல் என்று போகும். தலைப்பு என்ன எண் என்று தெரியாதவர்கள், எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்து, இறங்குவரிசையில் அடுக்கியதிலிருந்து ஏறுவரிசையில் அடுக்கியதைக் கழித்து, வந்த விடையை மறுபடி அப்படியே செய்து பாருங்கள். கடைசியில் 6174-இல் வந்து நிற்கும். கண்டுபிடித்தவர் கப்ரேக்கர் என்ற இந்தியப் பள்ளி ஆசிரியர்.

சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் தேவை.

சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்'. அமெரிக்கக் கோடீஸ்வரக் குடும்பத்துக்கு நம் ஊர்க் கல்யாணத்தைப் பார்க்க ஆசை வந்து, அப்பளம் இடும் பாட்டிகள் முதல் சம்பந்தி சண்டை வரை எல்லாம் விமானத்தில் போய் இறங்கும். 1960-களில் எழுதியது. இன்றும் நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்து மற்றவர்களிடம் முறைப்பு வாங்குகிறவர் கையில் பார்த்தால் இதுதான் இருக்கும். அப்புறம் பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி-சீதாப்பாட்டி.

வட்டார வழக்கு புரியவில்லை. இரண்டு பக்கத்தில் மூடிவிட்டேன்.

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று பொருள் தேடினால் கதை செத்துவிடும், ஊகித்துக்கொண்டே போங்கள்.

பழக நல்ல இடம் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. தெலுங்குச் சீமையிலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஓடிவந்த குடும்பங்கள் கரிசல் காட்டில் ஊரை உருவாக்கும் கதை. ஊருக்குப் பெரியவர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டு சொல்வது போல இருக்கும். அது பிடித்தால் நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்', அப்படியே கடலோரமாக நகர்ந்து தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. மீரானின் மொழியில் தமிழும் மலையாளமும் அரபும் கலந்து வரும். அந்த ஊர் முதலாளியின் அதிகாரத்தைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்படாது.

ராஜம் கிருஷ்ணனுக்கு இந்தச் சிக்கலே இல்லை. நேரான நடை. போய்த் தங்கி, பார்த்து, கேட்டு எழுதியவர். உப்பளத் தொழிலாளருக்கு 'கரிப்பு மணிகள்', மீனவருக்கு 'அலைவாய்க் கரையில்', நீலகிரிப் படகர்களுக்கு 'குறிஞ்சித் தேன்'. தூத்துக்குடி உப்பைத் தினமும் சாப்பிடுகிற நாம் முதல் புத்தகத்தையாவது ஒருமுறை படித்துவிடலாம்.

'அசுரன்' படம் பார்த்தேன். அந்தக் கதை புத்தகமாக இருக்கிறதா?

இருக்கிறது. பூமணியின் 'வெக்கை', 1982. படத்தை மறந்துவிட்டுப் படியுங்கள். அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிய சிறுவன் சிதம்பரமும் அவன் அப்பாவும் காட்டில் ஒளிந்து திரிவதுதான் நாவல் முழுவதும். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தக் கிழங்கைச் சுடலாம், எந்தப் பாறையில் படுக்கலாம் என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்கு நடுவில் ஒரு குடும்பத்தின் கதை முழுக்க வெளியே வந்துவிடும்.

அடுத்து இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', 1994. சேரிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் இருக்கும் அடுக்குகளைக் காட்டியதற்காக அப்போது பெரிய விவாதம் நடந்தது. பாமாவின் 'கருக்கு' நாவல் வரிசையில் இருந்தாலும் தன்வரலாறு என்றே படிக்கலாம். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் மலைவாழ் மக்கள் பட்டதைச் சொல்வது. இதை எடுக்கிறவர்களிடம் மட்டும் ஒருமுறை எச்சரித்துத்தான் முத்திரை குத்துவேன். சித்திரவதைப் பக்கங்கள் தாங்குவது கடினம்.

சினிமா வழியாகவே வருகிறவர்களுக்கு இன்னும் இரண்டு: 'விசாரணை' படத்துக்கு மூலம் மு. சந்திரகுமாரின் 'லாக்கப்', 'பரதேசி'க்குப் பின்னால் இருப்பது பி.எச். டேனியல் எழுதி இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு'.

ஈழத்து எழுத்தில் எதை முதலில் எடுப்பது?

அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகள். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து, ஆப்பிரிக்கா, ஆப்கானிஸ்தான் என்று வேலை பார்த்து, கனடாவில் வாழ்கிறவர். எந்த நாட்டில் கதை நடந்தாலும் ஒரு மெல்லிய சிரிப்பு இருக்கும். நாவல் மாதிரி வேண்டுமென்றால் அவருடைய 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்'.

போரைப் பற்றித்தான் என்றால் ஷோபாசக்தியின் 'கொரில்லா'. பிரான்சில் அகதி அந்தஸ்து கேட்கும் விண்ணப்பத்தோடு தொடங்கும். எந்தப் பக்கத்துக்கும் சலுகை தராத எழுத்து. கான் திரைப்பட விழாவில் 2015-இல் தங்கப்பனை விருது வென்ற 'தீபன்' படத்தின் நாயகனும் இவர்தான் என்று சொன்னால் இளைஞர்கள் உடனே எடுத்துப் போகிறார்கள். பிறகு சயந்தனின் 'ஆதிரை'. பெரிய புத்தகம், வன்னியின் சாதாரண மக்களோடு பல பத்தாண்டுகள் கூடவே நடக்கும். போருக்கு முந்திய சாதிக் கொடுமையைத் தெரிந்துகொள்ள கே. டானியலின் 'பஞ்சமர்'.

ஈழத்துப் பழைய புத்தகங்கள் எங்கள் அலமாரியில் குறைவு. 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் ஆயிரக்கணக்கில் படிக்கக் கிடைக்கின்றன.

கடல் கடந்த தமிழர் கதை என்ற கேள்வியோடு வருகிறவர்களுக்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தவர், வாழ்நாளில் எழுதியது இரண்டே நாவல். இரண்டாம் உலகப் போர்க் கால மெடானும் பினாங்கும், அங்கே வட்டிக்கடையில் இருந்து சண்டைக்குள் போய்ச் சேரும் பாண்டியன். குடித்துவிட்டுத் தமிழ் இலக்கியத்தைக் கிண்டல் செய்யும் பக்கங்களுக்காகவே நான் மறுபடி எடுப்பதுண்டு.

மொழிபெயர்ப்பு நாவல்கள் கரடுமுரடாக இருக்கின்றன. நல்லதாக ஏதாவது?

மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்த்து எடுங்கள். தகழியின் 'செம்மீன்', 'தோட்டியின் மகன்' இரண்டையும் தமிழாக்கியவர் சுந்தர ராமசாமி. தாராசங்கர் பந்த்யோபாத்யாயாவின் 'ஆரோக்கிய நிகேதன'த்தை த.நா. குமாரசாமி நேரே வங்காளத்திலிருந்து கொண்டுவந்தார். நாடி பிடித்தே ஒருவரின் மரணத்தைச் சொல்லிவிடும் கிழ வைத்தியர், அவர் எதிரே ஆங்கில மருத்துவம் படித்து வந்த இளம் டாக்டர். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் எல்லாரும் மாறி மாறிப் படிப்பார்கள்.

ரஷ்யர்களில் தஸ்தயெவ்ஸ்கிக்கு எம்.ஏ. சுசீலாவின் 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்'. தடிமன் பயமுறுத்தினால் ரா. கிருஷ்ணையாவின் 'வெண்ணிற இரவுகள்' போதும், ஒரு மாலையில் முடியும்.

என் பையனுக்குப் பத்து வயது. போனை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்.

கூட்டிக்கொண்டு வாருங்கள், அவனே எடுக்கட்டும். பெற்றோர் 'நல்ல கருத்துள்ள புத்தகம்' என்று திணிக்கும் புத்தகம் மடிப்புக் குலையாமல் திரும்பி வரும். காமிக்ஸ் எடுத்தால் தடுக்காதீர்கள். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள்தான் இன்று தலை நரைத்த பின்னும் நூலகத்துக்கு வருகிறார்கள். வாண்டுமாமா இன்னும் ஓடுகிறார். புதியவர்களில் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைத் தொட்டுப் போகும் கதை. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' தப்பான தொடுதல் பற்றிப் பிள்ளைகளுக்குப் புரியும்படி பேசுவது, நீங்களும் சேர்ந்து படியுங்கள். இரண்டும் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவை.

விருது வாங்கிய புத்தகமாகப் பார்த்து எடுத்தால் தப்பு வராதுதானே?

பெரிய தப்பு வராது, ஆனால் சிறந்ததைத் தவறவிடலாம். ஜானகிராமனுக்கு சாகித்திய அகாதெமி கிடைத்தது 'சக்தி வைத்தியம்' தொகுப்புக்கு, 'மோகமுள்'ளுக்கு அல்ல. கி.ரா.வுக்கு 'கோபல்லபுரத்து மக்க'ளுக்கு, எனக்கோ அதற்கு முந்திய 'கோபல்ல கிராமம்'தான் உசத்தி. சுந்தர ராமசாமிக்குக் கிடைக்கவே இல்லை. புதுமைப்பித்தன் 1948-இல் போய்விட்டார், அந்த விருது வந்ததே அதற்குப் பிறகுதான். எழுத்தாளரை அறிமுகம் செய்துகொள்ள விருதுப் பட்டியலைப் பயன்படுத்துங்கள், புத்தகத்தை வேறு வாசகரிடம் கேட்டு எடுங்கள்.

அம்மாவுக்குக் கண் மங்கல். பெரிய நாவல் முடியாது.

சிறுகதையைப் படித்துக் காட்டுங்கள். வண்ணதாசன் வேண்டாம், அது தனியாகப் படிக்க வேண்டியது. ஜெயகாந்தன் படித்துக் காட்டத் தோதானவர், பாத்திரங்கள் நிறையப் பேசுவார்கள்.

கேட்ட புத்தகம் உங்களிடம் இல்லையே?

வேண்டுகோள் பதிவேட்டில் ஆசிரியர் பெயரோடு எழுதி வையுங்கள். அது பார்க்கப்படுகிறது. அவசரம் என்றால் மாவட்ட மைய நூலகத்தில் ஒருமுறை கேளுங்கள். கல்கி, புதுமைப்பித்தன் போன்ற நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் எழுத்துகள் மதுரைத் திட்டம் போன்ற இணையத் தளங்களில் இலவசமாகவே இருக்கின்றன.

ஒரே ஒரு வேண்டுகோளைத்தான் யாராலும் நிறைவேற்ற முடியாது. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' படித்து முடித்த கையோடு, ஜோசப் ஜேம்ஸ் என்ற அந்த மலையாள எழுத்தாளரின் நாவல் ஏதாவது தமிழில் வந்திருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வரவில்லை, வரவும் வராது. அப்படி ஓர் ஆளே கிடையாது. அதற்குப் பதிலாக அதே ஆசிரியரின் 'ஒரு புளியமரத்தின் கதை' இடது பக்க அலமாரியில் மூன்றாவது தட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.